கண்ணாடித் தொட்டியில் ஒரு குடும்பம்

சந்தையில் விற்கப்படும் ஜிலேபி மீனை நம்மில் அறியாதவர் இல்லை. அது மலிவாகக் கிடைப்பது. எந்தக் கலங்கல் நீரிலும் வாழ வல்லது. ஆனால் அந்த மீனிடத்தே ஓர் அரிய பண்பு உண்டென்பதை அறிந்தவர் சிலரே. பெண்மீன், தான் இட்ட முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கின்றது. குஞ்சுகள் பொரித்து நீந்தத் தொடங்கிய பிறகும், ஆபத்து நெருங்கினால் அவை தாயின் வாய்க்குள் ஓடி ஒளிகின்றன. நாம் குழம்பில் காணும் இந்த எளிய மீன், குழந்தை வளர்ப்பில் தேர்ந்த ஒரு பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்திற்கு விலங்கியலார் இட்ட பெயர் சிக்லிட் என்பதாகும்.

சிக்லிட் குடும்பத்தில் இதுவரை 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா ஆகிய பகுதிகளிலும் வாழ்கின்றன. இந்தியாவை இயல்பான வாழிடமாகக் கொண்டவை மூன்றே இனங்கள். கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீன் அவற்றுள் ஒன்று; 2010-ஆம் ஆண்டில் கேரள அரசு அதனைத் தன் மாநில மீனாக அறிவித்தது. மற்றொன்று, அங்கே பள்ளத்தி என்று வழங்கும் சிறுமீன். அதன் குஞ்சுகள் பெற்றோரின் உடல்மீது சுரக்கும் வழவழப்பான நீரைக் கொத்தித் தின்று வளர்கின்றன. பால் கொடுக்காத உயிரினம் ஒன்று, தன் உடலையே உணவாக்கிக் குழந்தையைப் பேணுகிறது என்றால் அது வியப்புக்குரியதன்றோ?

இந்த மீன்களின் உள்ளப்பாங்கை உணர்த்த, கொன்ராட் லாரன்ஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் கண்ட ஒரு காட்சியைக் கூறலாம். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-இல் வேறு இருவரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். அவருடைய தொட்டியில் ஆப்பிரிக்க மணிமீன் என்னும் சிக்லிட் இணை ஒன்று குஞ்சுகளை வளர்த்து வந்தது. மாலை வேளையில், வழிதவறிய குஞ்சுகளைத் தந்தை மீன் வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுசேர்ப்பது வழக்கம். ஒருநாள் அது ஒரு புழுவைத் தின்றுகொண்டிருந்த வேளையில், தனித்து நீந்திய குஞ்சு ஒன்றைக் கண்டு அதையும் கவ்விக்கொண்டது. இப்போது வாயில் இரண்டு பொருள்கள்: ஒன்று விழுங்க வேண்டியது, மற்றொன்று காக்க வேண்டியது. மீன் அசையாமல் நின்றது. பிறகு இரண்டையும் தரையில் உமிழ்ந்தது. குஞ்சின்மேல் கண் வைத்தபடியே புழுவை உண்டு முடித்தது. அதன்பின் குஞ்சைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குச் சென்றது. பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் கைதட்டினார்களாம்.

இத்தகைய காட்சிகளை நாம் நம் வீட்டிலேயே காண இயலும். பெரிய சிக்லிட்களுக்குப் பெரிய தொட்டி வேண்டும். அவை செடிகளைப் பிடுங்கும். ஒன்றையொன்று கொல்லவும் கூடும். ஆனால் அக்குடும்பத்திலேயே மூன்று விரற்கடை முதல் நான்கு விரற்கடை வரை மட்டுமே வளரும் சிறு இனங்கள் உண்டு. அவற்றைக் குள்ளச் சிக்லிட்கள் என்பர். பல ஆண்டுகளாக நான் வளர்த்தும் உற்றுநோக்கியும் வரும் மீன்கள் இவையே. இவற்றை வளர்க்கும் முறையையும், அம்முறைக்குப் பின்னால் உள்ள காரணங்களையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாணவர்கள் கடைகளில் காணக்கூடியவை மூன்று வகை. முதலாவது, ராம் என்று வழங்கும் மீன். வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஒரினோக்கோ ஆற்றுச் சமவெளியில் வாழ்வது. அதைச் சேகரித்த மனுவேல் ராமிரெஸ் என்பவரின் பெயரால், மையர்ஸ், ஹாரி என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1948-இல் அதற்குப் பெயரிட்டனர். பொன்மஞ்சள் உடல், அதன்மீது நீலப் புள்ளிகள், கண்ணின் ஊடே ஒரு கருங்கோடு. இரண்டாவது, அப்பிஸ்டோகிராமா என்னும் பேரினம். அமேசான், ஒரினோக்கோ முதலிய தென் அமெரிக்க ஆறுகளின் சிற்றோடைகளில், உதிர்ந்த இலைகளின் இடையே வாழ்வது. அதில் ஓர் இனத்தின் ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன்கதிர்கள் காக்கட்டூ கிளியின் கொண்டையைப் போல உயர்ந்து நிற்பதால், அதனைக் காக்கட்டூ அப்பிஸ்டோ என்கின்றனர். மூன்றாவது, மேற்கு ஆப்பிரிக்காவில் தென் நைஜீரியாவைச் சேர்ந்த கிரிபென்சிஸ். இதில் பெண்ணே அழகி. இனப்பெருக்கக் காலத்தில் அதன் வயிறு செர்ரிப் பழம் போலச் சிவக்கும்.

எந்த மீனை வாங்குவது என்று முடிவு செய்யுமுன், எந்த நீர் நம் வீட்டில் இருக்கிறது என்று அறிதல் வேண்டும். மீன் நீரில் வாழ்வது மட்டுமன்று; நீர் மீனுக்குள்ளும் வாழ்கின்றது. செவுள்களின் மெல்லிய தோலுக்கு ஒருபுறம் இரத்தம், மறுபுறம் வெளிநீர். அந்த நீரிலுள்ள உப்பும் அமிலமும் மீனின் உடலோடு ஓயாது உறவாடிக்கொண்டே இருக்கின்றன. ராமும் அப்பிஸ்டோகிராமாவும் பிறந்த ஓடைகளில் பெய்வது மழை. பாய்வது சுண்ணாம்பு அற்ற நிலம். ஊறுவது காட்டின் சருகு. ஆகவே அந்நீர் உப்பு மிகக் குறைந்த மென்னீராகவும், சற்றே அமிலத்தன்மை உடையதாகவும், பல இடங்களில் தேநீரின் நிறமுடையதாகவும் இருக்கும்.

நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. சோப்பு நுரைக்க மறுக்கின்றதா? கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெண்படலம் படிகின்றதா? அப்படியானால் உங்கள் வீட்டு நீர் கடின நீர். அமில காரத் தன்மையை அளக்கப் பி.எச். என்னும் அளவை உண்டு. 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவையில் ஒரு படி என்பது பத்து மடங்கு என்பதை மறக்கலாகாது. பி.எச். 6 உடைய நீர், 8 உடைய நீரைவிட நூறு மடங்கு அமிலத்தன்மை உடையது. கடையில் விற்கும் சோதனைத் தாளைக் கொண்டோ, கல்லூரி ஆய்வகத்தின் துணைகொண்டோ இதனை எளிதில் அறியலாம்.

கடின நீரில் அமிலத்தை ஊற்றிச் சரிசெய்ய முயல்வது தவறான வழி. கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தை எதிர்த்து, ஓரிரு நாளில் பி.எச். பழைய நிலைக்கே திரும்பும். அந்த ஏற்ற இறக்கமே மீனைக் கொல்லும். நல்ல வழி, உப்பற்ற நீரைக் கலப்பதாகும். தமிழ்நாட்டில் கட்டடங்கள்தோறும் மழைநீர்ச் சேமிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. முதல் இரண்டு மழைகளில் கூரை கழுவப்பட்ட பின்னர், தூய கலத்தில் பிடித்துத் துணியால் வடிகட்டி, கொசு புகாமல் மூடிவைத்த மழைநீர் இம்மீன்களுக்கு அமுதம். வீட்டில் நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவியின் நீரும் பயன்படும். மூன்று பங்கு அந்த நீர், ஒரு பங்கு குழாய் நீர் என்று கலந்து தொடங்கலாம். இவ்வளவு தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு நான் கூறும் அறிவுரை, கிரிபென்சிஸை வளருங்கள் என்பதே. நடுநிலை நீரிலும், ஓரளவு கடினமான நீரிலும் அது நலமாக வாழும். மீனுக்கேற்ப நீரை மாற்றுவது அரிது. நீருக்கேற்ப மீனைத் தேர்ந்தெடுப்பது எளிது.

இனி, தொட்டி. ஓர் இணைக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உடைய தொட்டி போதும். இரண்டு கன அடி என்பது ஏறக்குறைய 56 லிட்டர். அதாவது நீர் மட்டுமே 56 கிலோ எடை. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் இன்னும் மிகும். ஆகையால் தொட்டியை வைக்கும் மேசை உறுதியானதாக இருத்தல் வேண்டும். குள்ளச் சிக்லிட்கள் தரையை ஒட்டி வாழ்பவை. எனவே உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். வெயில் நேரே விழும் சன்னல் அருகே வைத்தால் பாசி பெருகும், நீர் சூடேறும்.

தரையில் பருக்கைக் கல்லைப் பரப்பாதீர்கள், மென்மணலைப் பரப்புங்கள். ராம் மீனின் அறிவியற் பெயருக்குச் சிறிய மண்ணுண்ணி என்று பொருள். அது மணலை வாயில் அள்ளி, இரையைச் சலித்தெடுத்து, மீதியைச் செவுள் வழியே உதிர்க்கும். மணலை நன்றாகக் கழுவி, அதன்மீது சிறிது வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்துள்ளது. அந்த மணல் வேண்டாம். மறைவிடம் செய்ய விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. தேங்காயின் கொட்டாங்கச்சியைச் சுத்தம் செய்து, ஓரத்தில் விரல் நுழையும் அளவு துளையிட்டுக் கவிழ்த்து வைத்தால், அப்பிஸ்டோகிராமாவுக்கு அதுவே அரண்மனை. உலகெங்கும் இவ்வின மீன்களை வளர்ப்போர் கையாளும் முறை இது. சிறு மண்தொட்டியும் ஏற்றது. நாட்டு வாதுமை மரத்தின் உலர்ந்த இலைகள் இரண்டு மூன்றைக் கழுவி இட்டால், நீர் இளம்பழுப்பு நிறம் பெறும். காட்டோடையின் சூழல் சற்றே உண்டாகும். ஒன்றையொன்று பார்க்க இயலாதபடி செடிகளும் வேர்க்கட்டைகளும் இடையில் நிற்றல் நன்று. தோற்ற மீனுக்கு ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் அது உயிர் பிழைக்கும்.

தொட்டி அமைந்துவிட்டது, நீரும் நிரம்பிவிட்டது. உடனே மீனை விடலாமா? கூடாது. புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குபவர்களில் பலர் முதல் மாதத்திலேயே மீன்களை இழந்து, மனம் வெறுத்து, தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நஞ்சு. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாத இரையும் அழுகிய இலையும் அம்மோனியாவையே தருகின்றன. ஆற்றில் அது ஓடிவிடும். தொட்டியில் எங்கே ஓடும்? அதை அழிக்க வல்லவை சில நுண்ணுயிர்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர். இவ்விரு வேலைகளையும் தான் ஒன்றே செய்து முடிக்கும் நுண்ணுயிரும் உண்டென்பது 2015-இல் வெளியாயிற்று. அதைக் கண்ட இடங்களுள் ஒன்று, மீன் வளர்ப்புத் தொட்டிகளோடு இணைந்த ஒரு வடிகட்டியே ஆகும்.

இந்நுண்ணுயிர்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரையில் மீன் இல்லாமலே தொட்டியை ஓட விட வேண்டும். காற்றுக் குமிழியால் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்று போதும். நாள்தோறும் சிட்டிகை அளவு மீன் உணவை இட்டு, அதன் அழுகலால் நுண்ணுயிர்க்கு இரை தரலாம். நலமாக உள்ள பழைய தொட்டியின் பஞ்சைப் பிழிந்து அந்த நீரைச் சேர்த்தால் காலம் குறையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படாமல் மறைந்த பின்னரே மீனை விட வேண்டும். பஞ்சைக் கழுவும்போதும் குழாய் நீரில் கழுவலாகாது. அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனைப் பிழிய வேண்டும்.

இங்கே பி.எச். அளவின் மற்றொரு பயனையும் காணலாம். 25 பாகை வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது நூற்றில் ஐந்து பங்கை எட்டும். கார நீரில் சிறு கவனக்குறைவும் பெருந்தீங்காக முடிவதன் காரணம் இதுவே.

வெப்பநிலையைப் பொறுத்தவரை நம் சமவெளி மக்கள் நற்பேறு உடையவர்கள். ராம் மீன் 27 முதல் 30 பாகை வரையிலான வெதுவெதுப்பை விரும்புவது. அப்பிஸ்டோகிராமாவில் பெரும்பாலானவற்றுக்கும் கிரிபென்சிஸுக்கும் 24 முதல் 27 வரை ஏற்றது. உதகையிலும் கொடைக்கானலிலும் உள்ளவர்களுக்குச் சூடேற்றும் கருவி இன்றியமையாதது. சென்னையிலும் மதுரையிலும் சித்திரை வெயிலே கவலை தரும். நீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறைகின்றது. 20 பாகையில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கரையும். கோடையில் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சிரைப்பதைக் கண்டால், காற்றுக் குமிழியை மிகுதியாக்கி, மூடியைத் திறந்து மின்விசிறிக் காற்று நீரின்மேல் படும்படி செய்தால் போதும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டு செல்லும். மண்பானையில் நீர் குளிர்வதும் இதே விதியால்தான்.

உணவில் இவை பெரும்பாலும் புலால் உண்பவை. சிறு குருணை உணவைப் பழக்கலாம். எனினும் உயிருள்ள இரை கிடைத்தால்தான் நிறமும் சுறுசுறுப்பும் முழுமை பெறும். நீர்த்தெள்ளு, ஆர்ட்டீமியா என்னும் உப்பேரி இறாலின் குஞ்சுகள் ஆகியவை சிறந்தவை. சாக்கடையில் எடுக்கப்படும் செம்புழுக்கள் நோயையும் சுமந்து வருபவை. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. காலையும் மாலையும் இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே இட வேண்டும். பட்டினியால் இறக்கும் வளர்ப்பு மீன்கள் சில. மிகுதியான இரை அழுகி, அதன் நஞ்சால் இறப்பவை பல.

வாரம் ஒருமுறை தொட்டி நீரில் கால் பங்கை எடுத்துவிட்டு, அதே வெப்பமும் அதே தன்மையும் உடைய புது நீரை மெல்ல ஊற்ற வேண்டும். நைட்ரேட்டை வெளியேற்ற இதைவிட எளிய வழி இல்லை. நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் மட்டும் கலந்திருந்தால், காற்றுக் குமிழி விட்டு ஒருநாள் வைத்திருந்தால் அது நீங்கும். குளோரமின் கலந்திருந்தால் நீங்காது. சோடியம் தயோசல்பேட் முதலிய மருந்தை உரிய அளவில் சேர்க்க வேண்டும்.

குள்ளச் சிக்லிட்களுக்குத் துணை மீன்கள் வேண்டுமா என்று சிலர் வினவுவர். வேண்டும் என்பதே என் விடை. கூச்சமுள்ள இம்மீன்கள் தனியே இருந்தால் எந்நேரமும் மறைந்தே கிடக்கும். மேல்மட்டத்தில் சிறிய டெட்ரா மீன்கள் பத்து கூட்டமாக உலவினால் இவை துணிந்து வெளிவரும். மேலே சிறுமீன்கள் அஞ்சாமல் திரிகின்றன என்றால், அருகில் கொக்கோ பெருமீனோ இல்லை என்பது கீழே உள்ள மீனுக்கு அறிவிப்பு. புள்ளினங்கள் மரத்தில் அமைதியாக இருப்பதைக் கண்டு மான் மேய்வதைப் போன்றது இது.

இனி இல்லறம். ராம் மீனில் ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழும். தட்டையான ஒரு கல்லை இருவரும் வாயால் துலக்கித் தூய்மை செய்வர். பெண் வரிசை வரிசையாக முட்டை இட, ஆண் பின்தொடர்ந்து கருவூட்டும். நூறு முதல் முந்நூறு வரை முட்டைகள் இருக்கும். ஒன்று துடுப்பால் விசிறிப் புதுநீரை முட்டைகள்மீது செலுத்த, மற்றொன்று எல்லையைக் காக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரிக்கும். பெற்றோர் அவற்றை வாயில் அள்ளி, மணலில் தோண்டிய குழிக்கு மாற்றுவர். மேலும் ஐந்து நாளில் வயிற்றிலுள்ள கருவுணவு தீர்ந்து, குஞ்சுகள் சிறு மேகம்போல எழுந்து நீந்தும். அன்றைக்கே அவற்றுக்கு ஆர்ட்டீமியாக் குஞ்சுகள் ஆயத்தமாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 25 முதல் 35 கிராம் உப்பு கரைத்த நீரில் முட்டைகளை இட்டுக் காற்று விட்டால், ஒன்று முதல் ஒன்றரை நாளில் அவை பொரிக்கும்.

அப்பிஸ்டோகிராமாவின் வழக்கம் வேறு. ஓர் ஆண், பல பெண்களின் எல்லைகளைச் சுற்றி வரும். வீட்டு வேலை முழுவதும் பெண்ணுடையது. கொட்டாங்கச்சியின் உட்கூரையில் அது முட்டைகளை ஒட்டும். அன்று முதல் அதன் நிறமே மாறும். சாம்பல் நிறமாய்க் கிடந்த சிறுமீன் எலுமிச்சை மஞ்சளாகி, கருங்கோடுகள் தீட்டப்பெற்று, தன்னைப்போல் இருமடங்கு பெரிய கணவனையும் விரட்டி அடிக்கும். சிறிய தொட்டியில் அந்த ஆணுக்கு ஒளிய இடமில்லாவிட்டால், அது உயிரையே இழக்கக்கூடும்.

இளம் பெற்றோர் முதல் ஓரிரு முறை தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடுவதுண்டு. அதைக் கண்டு சினங்கொண்டு முட்டையைப் பிரித்தெடுத்து விடாதீர்கள். தொட்டியின் முன் கூட்டம் கூடுவதும், விளக்கைத் திடீரென அணைப்பதும், பகைமீன் அருகில் இருப்பதும் அவற்றை அச்சுறுத்துகின்றன. அமைதியும் காலமும் தந்தால் அவை கற்றுக்கொள்கின்றன என்பதே என் அனுபவம்.

கல்லூரி மாணவர்களின் சிந்தனைக்குரிய செய்தி ஒன்றுண்டு. மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்கள் தீர்மானிக்கின்றன. அப்பிஸ்டோகிராமாவில் நீரின் வெப்பமும் அத்தீர்ப்பில் பங்கு கொள்கிறது. உவே ரோமர், பைசன்ஹெர்ஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் இருவர் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து, 1996-இல் தம் முடிவை வெளியிட்டனர். நீர் சூடானால் ஆண்களின் விழுக்காடு உயர்ந்தது. குளிர்ந்தால் பெண்கள் மிகுந்தன. கிரிபென்சிஸில் அமில நீர் ஆண்களை மிகுவிக்கிறது. ஆகவே, எல்லாக் குஞ்சுகளும் ஆணாக வளர்ந்தால் ஊழை நோக வேண்டியதில்லை, வெப்பமானியை நோக்குங்கள். நாள், வெப்பநிலை, பி.எச்., முட்டையிட்ட நாள், பொரித்த நாள், வளர்ந்தவற்றில் ஆண் பெண் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, வீட்டு மூலையிலேயே ஓர் ஆராய்ச்சி நடக்கும்.

மீன் வாங்கும்போது சில கருத்துகளை மனத்திற் கொள்ளுங்கள். சென்னைக் கொளத்தூர், வண்ணமீன் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற இடம். பிற ஊர்களிலும் கடைகள் உள்ளன. வயிறு ஒட்டியது, துடுப்பை ஒடுக்கியது, மூலையில் ஒதுங்கி வேகமாக மூச்சு விடுவது ஆகிய மீன்களை இரக்கத்தால்கூட வாங்க வேண்டாம். வாங்கியதை மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்து நோக்கிய பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். பலூன் ராம் என்ற பெயரில் உருண்டை உடல் உடைய மீனும் விற்கிறது. முதுகெலும்பு குறுகிய ஊனத்தையே அழகென்று பெருக்கிய விளைவு அது. அதை நாம் வாங்காதிருந்தால் அதைப் பெருக்குவோரும் நிறுத்துவர்.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்றைக் கூற வேண்டும். ராமும் அப்பிஸ்டோகிராமாவும் இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்பவை. தேர்வு வந்துவிட்டது, விடுதிக்குச் செல்கிறேன், குஞ்சுகள் பெருகிவிட்டன என்று ஏதேனும் ஒரு நாள் வளர்க்க இயலாமற் போகலாம். அன்று சிலர், உயிரைக் கொல்லாமல் விட்டோம் என்ற நல்லெண்ணத்தோடு மீன்களை அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுகின்றனர். அந்த நல்லெண்ணம் பெருந்தீங்கு விளைப்பது. நான் தொடக்கத்தில் கூறிய ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1952-ஆம் ஆண்டில்தான் இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்டது. அதன் சிறந்த தாய்மையே அதற்குப் படைபலமாயிற்று. வாயில் வைத்துக் காத்த குஞ்சுகள் பிழைத்துப் பெருகி, நம் ஏரி குளங்களில் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்டன. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கப்படும் தென் அமெரிக்கக் கவசக் கெளுத்தியும் இவ்வாறே விடுவிக்கப்பட்டுத் தமிழகம், கேரளம் ஆகிய மாநில நீர்நிலைகளில் வேரூன்றிவிட்டது. மீனவரின் வலையை அது கிழிக்கிறது. வலையில் விழுந்தாலும் அதை வாங்குவார் இல்லை. நம் ஒருவர் வீட்டுத் தொட்டியின் பாரத்தை ஊரார் குளத்தில் இறக்கிவைப்பது அறமாகாது. வளர்க்க இயலாதபோது மீனைக் கடைக்காரரிடமோ, பள்ளி ஆய்வகத்திடமோ, நண்பரிடமோ ஒப்படையுங்கள். ஒப்படைக்க ஆள் இருக்கின்றாரா என்று வாங்கு முன்னரே எண்ணுங்கள்.

மாணவ நண்பர்களே, ஓர் இணை மீனும் இரண்டு கன அடி நீரும் உங்களுக்கு வேதியியலையும் இயற்பியலையும் உயிரியலையும் ஒருங்கே கற்பிக்கும். அதற்கு நீங்கள் தரவேண்டிய கட்டணம் நாள்தோறும் கால் மணி நேரமும், வாரந்தோறும் இரண்டு குடம் நீரும். மீனால் வாய்விட்டுக் கேட்க இயலாது. அதற்கு வேண்டியதைக் கண்டறிந்து செய்யும் கடமை, அதனைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்த நம்முடையதே. நீரைப் பக்குவப்படுத்திய பின்னரே மீனைக் கொண்டுவாருங்கள். கொண்டுவந்ததை இறுதிவரை பேணுங்கள்.